மடக்குக் கத்தியும் அதன் ஒற்றை ஆணியும்



சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பேப்பரை விரித்து உட்கார்ந்த நேரத்தில் எதிர் வீட்டு அம்மா காலிங் பெல் அடித்தார். கையில் துணியில் சுற்றிய ஒரு பழைய மடக்குக் கத்தி. லாஃப்டைச் சுத்தம் செய்தபோது அவருடைய மாமனாரின் டிரங்குப் பெட்டியில் கிடைத்ததாம்.

“திறக்கவே வரமாட்டேங்குது சார். ஆறாவது படிக்கிற பேரன் எனக்குத்தான் வேணும்னு அடம் பிடிக்கிறான். திறக்காத வரைக்கும் சரி, திறந்துட்டா எனக்குப் பயம். பேசாம குப்பையில போட்டுடவா?”

குப்பையில் போட வேண்டாம் என்று வாசலிலேயே சொல்லிவிட்டேன். முதல் காரணம், நம் வளாகத்தில் குப்பை பிரிக்கும் பெண்கள் இன்னும் கையால்தான் பிரிக்கிறார்கள். இரண்டாவது காரணத்தைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

நான் கத்தி வியாபாரி அல்ல, இன்ஜினீயரும் அல்ல. பி.காம். படித்துவிட்டு வங்கியில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவன். ஆனால் என் வலது கை ஆள்காட்டி விரலில் ஒரு தழும்பு இருக்கிறது. அதைக் கொடுத்தது ஒரு மடக்குக் கத்தி. அது ஏன் மடங்கியது என்று அப்போது எனக்குத் தெரியவில்லை. தெரிந்துகொள்ள ஆரம்பித்து, ஓய்வுக்குப் பிறகு பல சாயங்காலங்கள் இதில் போயிருக்கின்றன. கத்தியைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் அலகைப் பற்றித்தான் பேசுவார்கள். என்ன எஃகு, எவ்வளவு கூர், எத்தனை நாள் கூர் நிற்கும் என்று. மடக்குக் கத்தியில் அது பாதிக் கதைதான். அலகையும் பிடியையும் சேர்க்கிற அந்த ஒரே ஆணிதான் மீதிக் கதை.

உங்கள் வீட்டில் பழைய பாக்குவெட்டி இருந்தால் எடுத்துப் பாருங்கள். இரண்டு கைகளையும் ஓர் ஆணி சேர்த்துப் பிடித்திருக்கும். அது தளர்ந்தால் பாக்கு சரியாக வெட்டுப்படாது, அவ்வளவுதான். மடக்குக் கத்தியில் அதே ஆணிக்கு ஒன்றுக்கொன்று எதிரான இரண்டு வேலைகள். திறக்கும்போதும் மூடும்போதும் அலகைத் தாராளமாகச் சுழல விட வேண்டும். வெட்டும்போது அதை அசையவே விடக் கூடாது. கடனும் தாராளமாகக் கொடுக்க வேண்டும், வாராக் கடனும் இருக்கக் கூடாது என்று எங்கள் மேலதிகாரிகள் கூட்டம் போட்டுச் சொல்வார்களே, அந்த மாதிரி.

ஆணியின் இரண்டு முனைகளையும் சுத்தியலால் தட்டிப் பரப்பித்தான் இறுக்குகிறார்கள். நாம் ரிவிட் அடிப்பது என்கிறோமே அதுதான். ஓர் அடி கூடுதலாக விழுந்தால் அலகு திறக்காது. ஓர் அடி குறைந்தால் பக்கவாட்டில் ஆடும். ஆணியருகே ஒரு ரூபாய் நோட்டின் தடிமன் அளவுக்குத் தளர்ச்சி இருந்தாலும், 8 சென்டிமீட்டர் தள்ளி இருக்கும் நுனியில் அது பல மடங்காகத் தெரியும். இதற்குத் தொழிலாளிகள் ஒரு தந்திரம் வைத்திருக்கிறார்கள். ரிவிட் அடிக்கும்போது அலகுக்கும் பிடிக்கும் நடுவில் மிக மெல்லிய தகட்டைச் செருகிக்கொள்வார்கள். அடித்து முடித்ததும் அதை உருவிவிட்டால், அலகு சுழலத் தேவையான இடைவெளி மட்டும் மிஞ்சும்.

இந்தப் பொருள் எவ்வளவு பழையது என்று தெரிந்தபோது எனக்கே வியப்பாக இருந்தது. ஆஸ்திரியாவின் ஹால்ஸ்டாட் பகுதியில் எலும்புப் பிடி போட்ட மடக்குக் கத்தி கிடைத்திருக்கிறது. காலம் கி.மு. 600-500. இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜ் ஊரின் ஃபிட்ஸ்வில்லியம் அருங்காட்சியகத்தில் ரோமானியர் காலத்து வெள்ளிச் சாதனம் ஒன்று இருக்கிறது. ஸ்பூன், முள்கரண்டி, கூரிய குத்தூசி, இரும்பு அலகு என்று எல்லாம் ஆணியில் சுழன்று மடங்கும். கி.பி. 3-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது என்று கணித்திருக்கிறார்கள். அலகு பிடிக்குள் மடங்குவது என்ற யோசனை அன்றைக்கே முடிந்துவிட்டது. திறந்த அலகைத் திறந்தபடியே நிறுத்துவது எப்படி என்பதுதான் முடியாமல் இழுத்துக்கொண்டு வந்தது. அந்தக் கத்திகளில் அலகை நிறுத்தியது வெறும் உராய்வு. ஆணியின் இறுக்கமும் பிடிக்கிறவர் விரல்களும்தான் காவல்.

நடுவில் ஒரு சொல்லைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். நாம் சின்ன மடக்குக் கத்தியைப் பேனாக்கத்தி என்கிறோம். இறகைச் சீவிப் பேனா செய்த காலத்து ஆங்கிலப் பெயரின் நேர் மொழிபெயர்ப்பு அது. 19-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் பர்மிங்ஹாம் தொழிற்சாலைகள் எஃகு நிப்புகளைக் கோடிக்கணக்கில் தள்ள ஆரம்பித்ததும் இறகு சீவுகிற வேலை போய்விட்டது. பெயர் போகவில்லை. போர்த்துக்கீசிய மொழியில் ‘பெனா’ என்றால் இறகு. நம் ‘பேனா’ அங்கிருந்து வந்தது. ஆகவே நீங்கள் பென்சில் சீவும் கத்தியின் பெயருக்குள் இன்னும் ஒரு பறவையின் இறகு ஒட்டிக்கொண்டிருக்கிறது.

விஷயத்துக்கு வருகிறேன். இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரத்துக் கத்தித் தொழிலாளிகள் பழைய கூட்டம். ஹாலம்ஷயர் கத்தித் தொழிலாளர் சங்கம் 1624-லேயே பாராளுமன்றச் சட்டத்தின் மூலம் ஏற்பட்டது. 17-ஆம் நூற்றாண்டில் அங்கே செய்த மடக்குக் கத்திகளில் பிடியின் முதுகுப் பக்கமாக ஒரு பட்டை ஸ்பிரிங் வந்து சேர்ந்தது. இன்று நம் வீடுகளில் கிடக்கும் பழைய பேனாக்கத்திகள் அநேகமாக எல்லாம் அந்த வம்சம்தான்.

அது வேலை செய்யும் விதம் எளிது. அலகின் அடிப்பகுதி, அதாவது ஆணி துளைத்துப் போகிற பகுதி, வட்டமாக இருக்காது. பட்டையாகச் செதுக்கிய முகங்கள் இருக்கும். ஸ்பிரிங்கின் முனை எப்போதும் அதை அழுத்திக்கொண்டே இருக்கும். அலகைத் திருப்பினால் மூலை ஸ்பிரிங்கைத் தூக்கும். பட்டை முகம் வந்ததும் ஸ்பிரிங் ‘டக்’ என்று உட்காரும். அலகு அங்கே நிற்கும். சில கத்திகளில் பாதி திறந்த நிலையிலும் ஒரு முகம் வைத்திருப்பார்கள். மூடும்போது அங்கே ஒரு நிமிஷம் நின்று, விரல்களை ஒதுக்கிக்கொள்ள அவகாசம் தரும். நல்ல வேலைப்பாடா என்று பார்க்கப் பழைய ஆட்கள் கத்தியின் முதுகைத் தடவிப் பார்ப்பார்கள். மூடியிருந்தாலும் திறந்திருந்தாலும் ஸ்பிரிங் பிடியோடு சமமாக இருக்க வேண்டும், மேடு பள்ளம் தட்டக் கூடாது. கூர் உள்ளே ஸ்பிரிங்கின் மேல் மோதி மழுங்காமல் இருக்க அலகின் அடியில் ஒரு சின்ன முட்டு வைத்திருப்பார்கள். கத்தியை மூடியதும் அந்த முட்டுத்தான் முதலில் போய் உட்காரும்.

இத்தனை அழுத்தத்தையும் அந்த ஒரே ஆணிதான் தாங்க வேண்டும். கொம்பு, எலும்பு, மரம் போன்ற பிடிகளில் ஆணியை நேரே அடித்தால் நாளடைவில் துளை அகன்றுவிடும், இல்லாவிட்டால் பிடி பிளக்கும். அதனால் ஆணி வருகிற தலைப்பக்கத்தில் மட்டும் இரண்டு புறமும் உலோகக் கன்னம் வைத்தார்கள். ஆங்கிலத்தில் போல்ஸ்டர் என்பார்கள். ஷெஃபீல்டில் தொடங்கி அமெரிக்கா முழுதும் பரவிய பார்லோ என்ற மலிவுக் கத்தியில் இந்தக் கன்னம் பிடியில் மூன்றில் ஒரு பங்குக்கு நீண்டிருக்கும். மார்க் ட்வைனின் டாம் சாயர் நாவலில் டாமுக்குப் பரிசாகக் கிடைப்பது அந்தப் பார்லோ கத்திதான். விலை பன்னிரண்டரை சென்ட். பையன்கள் முரட்டுத்தனமாகப் பயன்படுத்தும் கத்திக்கு ஆணியைச் சுற்றி அவ்வளவு உலோகம் தேவைப்பட்டது.

உயர்ந்த ரகக் கத்திகளில் இன்னொரு நுணுக்கம் உண்டு. ஆணியைக் கன்னத்தின் உலோகத்திலேயே செய்து, முனையைத் தட்டிப் பரப்பி, பிறகு தேய்த்து மெருகேற்றிவிடுவார்கள். ஆணி எங்கே இருக்கிறது என்றே தெரியாது. இந்த இடம் நினைவிருக்கட்டும், பிறகு வருகிறேன்.

அந்த மெருகுக்குக் கொடுத்த விலையும் உண்டு. ஷெஃபீல்டில் ஒரு கத்தியை ஒரே ஆள் செய்வதில்லை. அலகை அடிப்பவர் ஒருவர், சாணை பிடிப்பவர் ஒருவர், ஆணியும் ஸ்பிரிங்கும் பிடியும் பூட்டிச் சேர்ப்பவர் வேறு ஒருவர். பலரும் சின்னப் பட்டறைகளில் தனித்தனியாக உட்கார்ந்து செய்த வேலை. சாணைக்காரர்களின் நிலைதான் மோசம். கல்லின் தூசும் எஃகுத் தூசும் நேரே நுரையீரலுக்குப் போகும். உலர்ந்த கல்லில் பிடிப்பவர்களின் சராசரி ஆயுள் 35 வயதைத் தாண்டுவதே கடினம், ஈரக் கல்லில் பிடிப்பவர்கள் 45-ஐத் தாண்டுவது அபூர்வம் என்று அந்த ஊர் மருத்துவர் நைட் சொன்னதை, 1845-ல் வெளிவந்த தம் நூலில் எங்கெல்ஸ் எடுத்துக் காட்டியிருக்கிறார். ஒரு பேனாக்கத்தியின் பளபளப்பைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இந்த இரண்டு எண்களும் நினைவுக்கு வரும்.

ஸ்பிரிங்கைப் பற்றிச் சொல்லும்போது ஒரு கடிகாரக்காரரைச் சொல்லாமல் விட முடியாது. பெஞ்சமின் ஹன்ட்ஸ்மன் என்று பெயர். கடிகார ஸ்பிரிங்குக்குச் சீரான எஃகு கிடைக்கவில்லை என்ற எரிச்சலில், 1740-களில் ஷெஃபீல்டு அருகே மூசையில் எஃகை உருக்கி வார்க்கும் முறையைக் கண்டுபிடித்தார். நம் தென்னிந்தியக் கொல்லர்கள் அதற்கு எவ்வளவோ காலம் முன்பே மூசையில் எஃகு எடுத்துக்கொண்டிருந்தார்கள். ‘ஊட்ஸ்’ என்று ஐரோப்பாவில் பேர் வாங்கிய எஃகு அது. லண்டனில் ஜேம்ஸ் ஸ்டோடார்ட் என்ற கத்திக்காரர் அந்த எஃகில் அறுவைக் கருவிகளும் சவரக் கத்திகளும் செய்து, அதையே சொல்லி விளம்பரமும் செய்தார். பிற்பாடு மைக்கேல் ஃபாரடேயோடு சேர்ந்து எஃகு ஆராய்ச்சியும் செய்தவர் இவர்தான். ஆனால் அது அலகின் கதை. நாம் ஆணியை விட்டு நகரக் கூடாது.

இப்போது என் விரலுக்கு வருகிறேன்.

1980-களில் எங்கள் கிளையில் கேஷ் செக்‌ஷனில் இருந்தேன். அந்தக் காலத்தில் 100 நோட்டுக் கட்டு ஒவ்வொன்றையும் தடித்த கம்பிப் பின் அடித்துத்தான் வைப்போம். பின் அடிக்கக் கூடாது, காகிதப் பட்டைதான் சுற்ற வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2001-ல் உத்தரவு போட்டபோது நான் மனதாரக் கும்பிட்டேன். அதுவரை பின் பிடுங்குவது தினசரி வேலை. நகம் பெயரும். அதற்காக ஒரு தேர்க்கடையில் தகரப் பிடி போட்ட மடக்குக் கத்தி வாங்கி வைத்திருந்தேன். ஒரு மாசக் கடைசி நாள், நுனியைப் பின்னுக்கு அடியில் கொடுத்து மேலே நெம்பினேன். பின் வரவில்லை. இன்னும் பலமாக நெம்பினேன். கத்தி மடங்கி விரலில் இறங்கியது. மூன்று தையல். பத்து நாள் நோட்டு எண்ண முடியாமல் தபால் பிரிவில் உட்கார்ந்திருந்தேன். ரத்தம் பட்ட நோட்டுகள் அழுக்கு நோட்டுக் கணக்கில் போயின.

ஸ்பிரிங் உடைந்திருக்கும் என்றுதான் நினைத்தேன். பிறகு பார்த்தால் ஸ்பிரிங் நன்றாகத்தான் இருந்தது. தவறு என்னுடையது. கூர்ப்பக்கமாக அழுத்தி வெட்டும்போது, எதிர்விசை அலகை இன்னும் திறக்கும் திசையில்தான் தள்ளும். அங்கே அது மேலே போக இடமில்லாமல் முட்டி நிற்கும். எவ்வளவு அழுத்தினாலும் மடங்காது. முதுகுப் பக்கம் அழுத்தம் வந்தால் நிலைமை தலைகீழ். அலகை மடக்கும் திசை அது. நான் நெம்பியபோது பின் கம்பி அலகின் முதுகைத்தான் அழுத்தியது. ஸ்பிரிங் அலகைப் பிடித்து வைக்கும், ஆனால் பூட்டாது. போதிய அழுத்தம் வந்தால் வழிவிடும், அதன் அமைப்பே அப்படித்தான். வழிவிடாவிட்டால் நீங்களே மூட முடியாதே. ஷெஃபீல்டுக்காரர்கள் இறகு சீவுவதற்கும் பழம் நறுக்குவதற்கும் செய்த ஏற்பாட்டை வைத்து நான் கடப்பாரை வேலை செய்திருக்கிறேன்.

இந்தச் சிக்கலுக்கு ஏறக்குறைய ஒரே சமயத்தில், 1890-களை ஒட்டி, ஒருவரை ஒருவர் அறியாத மூன்று ஊர்களில் மூன்று விதமாகப் பதில் சொல்லியிருக்கிறார்கள். எனக்கு இந்த வரலாற்றிலேயே மிகவும் பிடித்த பகுதி இதுதான்.

ஜப்பானில் ஹியோகோ மாகாணத்தின் மிகி என்ற கருவிகள் செய்யும் ஊரில் ‘ஹிகோனோகாமி’ என்ற கத்தி வந்தது. ‘ஹிகோ நாட்டுத் தலைவர்’ என்று அர்த்தம். ஹிகோ என்பது இன்றைய குமமோத்தோ பகுதி. பெயர்தான் பெரிது, பொருள் மிக எளிது. தகட்டை நீளவாக்கில் மடித்தால் பிடி. அதில் ஓர் அலகு, ஓர் ஆணி. ஸ்பிரிங்கே கிடையாது. அலகின் அடியிலிருந்து ஒரு சின்ன வால் வெளியே நீண்டிருக்கும். அந்த வாலை அழுத்தித் திறக்க வேண்டும். திறந்ததும் வால் பிடியின் முதுகோடு படிந்துவிடும், கட்டைவிரல் தானாக அதன்மேல் உட்காரும். அலகு மடங்க வேண்டுமானால் அந்த வால் மேலே எழ வேண்டும், எழ உங்கள் கட்டைவிரல் விடாது. நாளாகி ஆணி தளர்ந்தால் சுத்தியலால் மெதுவாக ஒரு தட்டு. ஜப்பானியப் பள்ளிப் பிள்ளைகள் தலைமுறை தலைமுறையாகப் பென்சில் சீவியது இதில்தான். 1960 அக்டோபரில் சோஷலிஸ்ட் கட்சித் தலைவர் அசனுமாவை மேடையிலேயே 17 வயதுப் பையன் ஒருவன் குத்திக் கொன்றான். அது இந்தக் கத்தி அல்ல, சின்ன வாள். ஆனாலும் பிள்ளைகள் கையில் கூரான எதுவும் வேண்டாம் என்று நாடு முழுதும் இயக்கம் கிளம்பியது. பென்சில் சீவும் இயந்திரமும் வந்துவிட்டது. பல பட்டறைகள் செய்துகொண்டிருந்த கத்தியைச் செய்ய மிகியில் மிஞ்சியது ஒரே குடும்பம்.

இரண்டாவது ஊர் சுவிட்சர்லாந்தின் ஈபாக். 1884-ல் அங்கே பட்டறை திறந்த கார்ல் எல்சனர், சுவிஸ் ராணுவத்துக்குக் கத்தி கொடுக்கும் ஒப்பந்தத்தில் இறங்கினார். புதிதாக வந்த 1889 மாடல் துப்பாக்கியைக் கழற்ற சிப்பாய்களுக்கு ஸ்குரூ டிரைவர் தேவைப்பட்டது. அலகு, டின் திறப்பான், துளைக்கும் ஊசி, ஸ்குரூ டிரைவர் நான்கும் ஒரே பிடியில். 1891-ல் முதல் சப்ளை கொடுத்தார். ஜெர்மனியின் ஸோலிங்கன் நகரத் தொழிற்சாலைகள் அதே கத்தியை மலிவாகச் செய்துகொடுக்கவே, எல்சனர் திவாலாகும் நிலைக்கு வந்துவிட்டார். சொந்தக்காரர்கள் கைகொடுத்ததால் தப்பினார். கணக்குப் பார்க்கிறவன் என்ற முறையில் சொல்கிறேன், கடனில் மூழ்கியவர்கள் அடுத்த யோசனைக்குப் போவது அபூர்வம். இவர் போனார்.

சிப்பாய்க் கத்தி கனமாக இருந்தது. கருவிகள் கூடக் கூட ஸ்பிரிங்கும் கூடும், பருமனும் கூடும் என்பதுதான் அதுவரை இருந்த கணக்கு. எல்சனர் பிடியின் ஒரு பக்கம் திறக்கும் அலகையும் எதிர்ப்பக்கம் திறக்கும் கருவியையும் ஒரே ஸ்பிரிங் அழுத்திப் பிடிக்கும்படி அமைத்தார். 2 ஸ்பிரிங்குகளில் 6 கருவிகள். 1897 ஜூன் 12-ஆம் தேதி அதைப் பதிவு செய்தார். ‘ஆபீசர் கத்தி’ என்று பெயர் வைத்தாலும் ராணுவம் அதை ஆபீசர்களுக்கு வழங்கவில்லை, அவர்களே கடையில் காசு கொடுத்து வாங்கிக்கொண்டார்கள். 1909-ல் இறந்த தாயார் விக்டோரியாவின் பெயரைக் கம்பெனிக்கு வைத்தார். பிறகு துருப்பிடிக்காத எஃகைக் குறிக்கும் ‘இனாக்ஸ்’ சேர்ந்து 1921-ல் அது விக்டோரினாக்ஸ் ஆனது. உங்களில் பலர் வீட்டில், யாராவது வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்த அந்தச் சிவப்புக் கத்தி இருக்கும். வலுவான ஸ்பிரிங்தான், ஆனாலும் சாதாரண மாடல்களில் பூட்டு கிடையாது. என் விரல் கதை அதற்கும் பொருந்தும்.

மூன்றாவது, பிரான்சின் சவோய் மலைப்பகுதி. அங்கே ஆல்பியே என்ற கிராமத்தில் ஒபினெல் குடும்பம் கோடாரியும் அரிவாளும் செய்து பேர் வாங்கியது. மகன் ஜோசப்புக்கு 1890-ல் வயது 18. அப்பாவுக்கு இஷ்டமில்லாமலே மடக்குக் கத்தி செய்ய ஆரம்பித்தான். உருளை மரப்பிடி, அதில் ரம்பத்தால் அறுத்த ஒரு பிளவு, பிளவுக்குள் அலகு. பிடியின் தலையைச் சுற்றி ஓர் இரும்புப் பூண். உலக்கைக்கும் கைத்தடிக்கும் போடுகிறோமே, அதே பூண். ஆணி பூணையும் மரத்தையும் அலகையும் துளைத்துப் போகிறது. உலோகக் கன்னம், உள்தகடு, முதுகு ஸ்பிரிங் எதுவும் இல்லை. மரம் பிளக்காமல் பூண் காக்கிறது, மரத்தின் இறுக்கம் அலகைப் பிடிக்கிறது. 1897-க்குள் 1 முதல் 12 வரை எண் போட்ட அளவுகள் வந்துவிட்டன. மிகவும் பேர்போன 8-ஆம் எண்ணில் அலகு எட்டரை சென்டிமீட்டர்.

மரம் ஈரத்தில் உப்பும் என்பது நமக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை, ஐப்பசி மழையில் நம் கதவுகளே சொல்லும். ஒபினெல் கத்தியும் ஈரம் பட்டால் திறக்க மறுக்கும். அந்த ஊர்க்காரர்கள் பிடியின் பின்பக்கத்தைக் கெட்டியான ஏதாவதொன்றில் ஒரு தட்டுத் தட்டுவார்கள். அலகு கொஞ்சம் வெளியே தலை நீட்டும், பிடித்து இழுத்துக்கொள்ளலாம். உலர்ந்துவிட்டாலோ தளரும், மடங்கும் பயம் வரும். அதற்கு 1955-ல் பதில் கிடைத்தது. மார்சல் ஒபினெல் அந்தப் பூணின் மேல் இன்னொரு வளையத்தைப் போட்டார். அதில் ஒரு வெட்டு. வளையத்தைத் திருப்பினால் வெட்டு விலகி, வளையம் அலகின் அடியில் வந்து நிற்கும், அலகு மடங்க முடியாது. 2000-ல் அதே வளையம் மூடிய நிலையிலும் பூட்டும்படி ஆனது. ஆணியைத் தொடாமல், அதைச் சுற்றி ஒரு வளையத்தைப் போட்டே விரலைக் காப்பாற்றிவிட்டார்கள்.

பிறகு வந்தவற்றை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவில் பக் கம்பெனி 1964-ல் கொண்டுவந்த 110 என்ற மாடலில், முதுகில் இருக்கும் கம்பியின் பல் அலகின் அடியில் உள்ள பள்ளத்தில் விழுந்து பூட்டிக்கொள்ளும். பின்னால் அழுத்தினால்தான் விடும். 1980-களில் மைக்கேல் வாக்கர் என்பவர் பிடியின் உள்தகட்டையே வளைத்து அலகின் பின்னால் வந்து முட்டும்படி செய்தார். இந்தக் காலத்தில் ஆணியும் மாறியது. ரிவிட்டுக்குப் பதில் திருகு. அலகின் இரண்டு பக்கமும் வெண்கல வாஷர், இப்போது சிலவற்றில் குண்டு பேரிங். ரிவிட் என்பது கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்ட செக் மாதிரி, அடித்தது அடித்ததுதான். திருகை இறுக்கலாம், தளர்த்தலாம், கழற்றித் துடைக்கலாம். ஆனால் தானாகவும் கழலும், அதைக் கவனிக்கும் பொறுப்பு செய்தவரிடமிருந்து வைத்திருப்பவரிடம் வந்துவிட்டது. பேரிங் போட்டது வழுக்கிக்கொண்டு திறக்கும். அதன் உள்ளே நம் ஊர்த் தூசு புகுந்தால் என்ன ஆகும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். எனக்கு வாஷர் போதும்.

மடக்குக் கத்தி என்றதும் பலருக்கு உத்தரப் பிரதேசத்து ராம்பூர் கத்தியும், பழைய இந்திப் பட வில்லனும்தான் நினைவுக்கு வரும். அந்த எண்ணத்தால்தான் எதிர் வீட்டு அம்மாவும் பயந்தார் என்று நினைக்கிறேன். விமானத்தில் போகிறவர்களுக்கு மட்டும் ஒரு வார்த்தை. சாவிக்கொத்தில் தொங்கும் குட்டிக் கத்தியானாலும் செக்-இன் பெட்டியில் போடுங்கள். கைப்பையில் இருந்தால் சோதனையில் எடுத்துக்கொள்வார்கள், திரும்ப வராது.

அவர் கொடுத்த கத்தியை இரண்டு நாள் மண்ணெண்ணெயில் ஊற வைத்தேன். இந்தக் காலத்தில் மண்ணெண்ணெய் கிடைப்பதே பெரும்பாடு, நம் எலக்ட்ரீஷியன் கால் பாட்டில் கொடுத்து உதவினார். ஆணியைச் சுற்றிக் கெட்டியாக உறைந்திருந்தது துருவோடு கலந்த பழைய எண்ணெய். தேங்காய் எண்ணெய் போட்டிருக்க வேண்டும். மடக்குக் கத்திக்குத் தேங்காய் எண்ணெய் போடாதீர்கள், நாளடைவில் பிசினாகும். தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு போதும். மூன்றாம் நாள் நகத்தைக் கொடுத்து இழுத்ததும் அலகு எழுந்தது. பாதியில் ஒரு நிற்றல், பிறகு முழுதும் திறந்து ‘டக்’. அந்தச் சத்தத்திலேயே ஸ்பிரிங் உயிரோடு இருக்கிறது என்று தெரிந்துவிட்டது. அலகின் அடியைத் துடைத்தபோது ஷெஃபீல்டு என்று பொறித்திருந்தது. கம்பெனிப் பெயர் தேய்ந்துபோயிருந்தது. நுனியைப் பிடித்து இடம் வலமாக ஆட்டிப் பார்த்தேன். ஆட்டமே இல்லை.

பேரனையும் பாட்டியையும் எங்கள் வீட்டு டைனிங் டேபிளில் உட்கார வைத்துக் காட்டினேன். பையன் கேட்ட முதல் கேள்வி, “லாக் இல்லையா தாத்தா?” இல்லை என்றேன். கத்திக்குப் பதில் ஒரு ஸ்கேலை அவன் கையில் கொடுத்து, முதுகில் அழுத்தினால் எது எந்தப் பக்கம் போகும் என்று காட்டினேன். என் விரலையும் காட்டினேன். ஸ்கேலை விட விரல்தான் அவனுக்கு நன்றாகப் புரிந்தது. பாட்டி ஒரு ஏற்பாடு சொன்னார். கத்தி அவருடைய அலமாரியில் இருக்கும், மாம்பழம் நறுக்கும்போது அவர் எதிரில் மட்டும் அவன் எடுக்கலாம், பள்ளிக்கூடப் பைக்குள் போகக் கூடாது. பையன் கொஞ்சம் பேரம் பேசிவிட்டு ஒத்துக்கொண்டான்.

கிளம்பும் முன் அவனுக்கு ஒரு வேலை கொடுத்தேன். இந்தக் கத்தியின் ஆணியைக் கண்டுபிடி என்றேன். கன்னத்தைத் தடவினான், வெளிச்சத்தில் திருப்பினான், நகத்தால் சுரண்டினான். எனக்கும் இரண்டு நாளாகத் தெரியவில்லை என்று சொன்னதும் உற்சாகம் வந்துவிட்டது. பாட்டியின் போனை வாங்கி டார்ச்சைச் சாய்வாக அடித்துப் பார்த்தவன், “இதோ” என்றான். கன்னத்தின் நடுவில், சட்டைப் பொத்தானின் துளை அளவுக்கு, முடி போல மெல்லிய ஒரு வட்டக் கோடு.